சி மொழியில் உள்ளீடு வாங்குதல்: ஸ்கேன்எஃப்-இலிருந்து எஃப்கெட்ஸுக்கு

1 முதல் 100 வரை கணினி ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும், ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் நான் சி-யில் எழுதிவரும் விளையாட்டு. ஆட்டத்தின் கணக்கு சீக்கிரம் முடிந்தது. நேரமெல்லாம் விசைப்பலகையிலிருந்து பதில் வாங்குவதில்தான் போனது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வடிவம் முழுக்க ஸ்கேன்எஃப், அதாவது தட்டியதைச் சொன்ன வடிவில் படிக்கும் சி ஃபங்ஷன். எண்ணுக்கு %டி, "மறுபடி ஆடலாமா?" என்பதற்கு ஒற்றை எழுத்தை வாங்கும் %சி. இரண்டாவது கேள்விக்குப் பதில் தட்டும் முன்பே புரோகிராம் நகர்ந்துவிட்டது. %சி-க்கு என்ன கிடைத்தது என்று எண்ணாக அச்சிட்டேன்: 10. அது என்டர் விடும் புதுவரிக் குறியின் எண். 42 தட்டி என்டர் அழுத்தினால் %டி 42-ஐ மட்டும் எடுக்கிறது, என்டர் அங்கேயே நிற்கிறது. %டி-யும், சொல்லை வாங்கும் %எஸ்-உம் முன்னால் உள்ள வெற்றிடங்களைத் தாண்டிப் போகும், %சி தாண்டாது. %சி-க்கு முன் ஓர் இடைவெளி விட்டதும் சரியானது.

அடுத்து, எண் கேட்கும் இடத்தில் எழுத்துகளைத் தட்டினேன். லூப் நிற்காமல் ஓடியது. பொருந்தாத எழுத்தை ஸ்கேன்எஃப் எடுப்பதில்லை. 0 என்று திருப்பித் தந்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறது. அந்தத் திருப்புமதிப்பைப் பார்க்காத புரோகிராமை நம்பவே கூடாது. நிற்கும் மிச்சத்தை அழிக்க உள்ளீட்டுக்கு எஃப்ஃப்ளஷ் என்ற ஃபங்ஷனைப் போடச் சொல்பவர்கள் உண்டு. சி தரநிலை அதற்கு எந்த உறுதியும் தரவில்லை, ஆகவே தொடவில்லை.

இப்போது ஒரு வரியை முழுதாக எஃப்கெட்ஸால் வாங்கி, பிறகு ஸ்ட்ர்டோல் என்ற ஃபங்ஷனைக் கொண்டு எண்ணாக்குகிறேன். எண் எங்கே முடிந்தது என்று அது காட்டுவதால் "42கிமீ" போன்றவற்றை மறுக்க முடிகிறது. ஸ்கேன்எஃப் அதிலிருந்து 42-ஐ எடுத்துக்கொண்டு போய்விடும். பழைய பாடங்களில் வரி வாங்க வரும் கெட்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு அளவு வரம்பே கிடையாது. 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் வார்ம் என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011 தரநிலையில் அதை நீக்கியேவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆடுபவரின் பெயர். 20 பைட் இடம் ஒதுக்கி "மீனாட்சி" என்று தட்டினேன். கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாகச் சேர்ந்து எட்டுக் குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 24. எஃப்கெட்ஸ் சரத்தின் முடிவுக் குறிக்கு ஒரு பைட் வைத்துக்கொண்டு 19-ஐ எடுத்தது. திரையில் "மீனாட்" என்பதற்குப் பின் ஓர் உடைந்த குறி. மிச்சமிருந்த 5 பைட்டும் என்டரும் அடுத்த கேள்விக்கான பதிலாகப் போய் நின்றன.

இடத்தை 200 பைட்டாக்கினேன். அதோடு, வாங்கிய வரியில் புதுவரிக் குறி இல்லையென்றால் அது வரும்வரை, அல்லது உள்ளீடு முடியும்வரை, ஒவ்வொரு பைட்டாக வாங்கும் கெட்சாரால் மிச்சத்தைக் காலிசெய்கிறேன். கெட்சாரின் விடையை முழு எண் வகையான இன்ட்-இல்தான் வாங்க வேண்டும், ஒரு பைட் மட்டும் கொள்ளும் சார்-இல் வாங்கினால் உள்ளீட்டின் முடிவுக் குறியைச் சரியாக அடையாளம் காண முடியாது. இந்த வேலை முழுவதையும் தனி ஃபங்ஷனாக்கிவிட்டேன். பெயர், எண், மறுஆட்டம் மூன்றும் இப்போது அதன் வழியாகவே வருகின்றன.