கொல்ல அனுமதியில்லாத வில்லன்கள் பேசிய வசனங்கள்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1992 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’ மொத்தம் 85 அத்தியாயங்கள் கொண்டது. அந்தத் தொடரின் சண்டைக் காட்சிகளில் பல எனக்கு இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எந்தக் கூரையில் யார் யாரைத் துரத்தினார்கள் என்று கேட்டால் தடுமாறுவேன். ஆனால் அதில் வரும் வில்லன்கள் பேசியவை கலங்கவில்லை. யார், யாரிடம், எந்தத் தருணத்தில், எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது வரை நினைவில் நிற்கின்றன. ஓர் அதிரடிக் கார்ட்டூன் தொடரில் அடிதடியை மிஞ்சிப் பேச்சு நிற்பது எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த வில்லன்கள் எவரும் பயமுறுத்துவதற்காகப் பேசவில்லை, தமக்கு வேண்டியது ஒன்றைப் பற்றிப் பேசினார்கள் என்பதே எனக்குக் கிடைத்த விடை.

இதற்குத் தொடரை உருவாக்கியவர்களின் திறமை ஒரு காரணம் என்றால், அவர்கள்மேல் விழுந்த கட்டுப்பாடு இன்னொரு காரணம். சிறுவர்கள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி என்பதால், தொலைக்காட்சியின் தணிக்கைப் பிரிவு ஒவ்வொரு கதையையும் கூர்ந்து பார்த்தது. எரிக் ராடோம்ஸ்கியோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய புரூஸ் டிம், காட்டக் கூடாதவை என்று சொல்லப்பட்டவற்றையெல்லாம் ஒரே படத்துக்குள் வேண்டுமென்றே அடைத்து வரைந்த கேலிச்சித்திரம் ரசிகர்களிடையே புகழ்பெற்றது; கழுத்தை நெரிப்பது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வது, புகைப்பது, குழந்தையை ஆபத்தில் நிறுத்துவது என்று எல்லாம் அதில் இருக்கும். ரத்தம் காட்ட முடியாது, பிணம் காட்ட முடியாது. வில்லன் எவ்வளவு கொடியவன் என்பதை அவன் செய்வதைக் கொண்டு நிறுவ வழி குறுகியபோது, எழுத்தாளர்கள் அந்தப் பாரம் முழுவதையும் அவன் பேச்சின்மேல் ஏற்றினார்கள்.

அந்தப் பாரத்தை மற்ற எவரையும்விட அழகாகச் சுமந்தவன் மிஸ்டர் ஃப்ரீஸ். தொடர் தொடங்கிய மூன்றாம் நாள், செப்டம்பர் 7 அன்று, பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ ஒளிபரப்பானது. 1959-இல் காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் அறிமுகமாகி, அறுபதுகளின் தொலைக்காட்சித் தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாறிய இந்தக் கதாபாத்திரம், அதுவரை உறையவைக்கும் துப்பாக்கியோடு கொள்ளையடிக்கும் ஒரு சாதாரணத் திருடன்தான். டினி அவனுக்கு விக்டர் ஃப்ரைஸ் என்ற மனிதனையும், தீராத நோயுற்ற நோரா என்ற மனைவியையும் கொடுத்தார். மருந்து கண்டுபிடிக்கும் வரை மனைவியை உறைநிலையில் காப்பாற்ற முயன்ற விஞ்ஞானியை, செலவைக் காரணம் காட்டி நிறுவனத் தலைவன் ஃபெரிஸ் பாயில் தடுத்து, ரசாயனங்களுக்குள் உதைத்துத் தள்ளுகிறான். அதன் பிறகு உறைகுளிருக்கு வெளியே ஃப்ரைஸால் உயிர்வாழ முடியாது.

கதை தொடங்கும்போது இதில் எதுவும் நமக்குத் தெரியாது. கண்ணாடிக் குமிழுக்குள் பனி உதிர, நடுவில் ஒரு நடனப் பெண் பொம்மை சுழல்கிறது. குளிர்காலம் சூழ, என்றும் இளமையோடும் அழகோடும் இருப்பவளாகவே உன்னை நினைவில் வைத்திருப்பேன் என்று ஒரு குரல் அதனிடம் பேசுகிறது. தொடரின் முதன்மை வில்லன்களில் ஒருவனை இப்படி அறிமுகம் செய்ய எத்தனை துணிச்சல் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். சிரிப்பு இல்லை, சவால் இல்லை, பெயரைக்கூட அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த அத்தியாயத்தின் உச்சம் வேறொரு உரையாடல். பேட்மேனைப் பிடித்து உறைபனியில் தொங்கவிட்டிருக்கும் ஃப்ரீஸ், தன்னிடம் உணர்ச்சிகளே இல்லை, அவை உறைந்து செத்துவிட்டன என்கிறான். பாயிலைப் பழிவாங்குவதற்காக அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோரையும் கொல்லப்போகிறாயா என்று பேட்மேன் கேட்கிறார். அதற்கு அவன் நேராகப் பதில் சொல்வதில்லை. கோடைநாளில் முகத்தில் சூடான காற்றுப்பட, பற்றிக்கொள்ள வெதுவெதுப்பான ஒரு கையோடு இனி ஒருபோதும் நடக்க முடியாது என்பதை எண்ணிப்பார் என்கிறான். பிறகு, ஆமாம், அதற்காகக் கொல்வேன் என்று முடிக்கிறான். சற்று முன்பு உணர்ச்சி செத்துவிட்டது என்று சொன்னவன், வெயிலையும் காற்றையும் கையின் சூட்டையும் இவ்வளவு துல்லியமாக ஏங்குகிறான். அவன் பொய் சொல்லவில்லை. தான் சொல்வது உண்மை என்றே நம்புகிறான், அடுத்த வாக்கியமே அதை மறுத்துவிடுகிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கதாபாத்திரம் தன்னைப் பற்றி அறியாததை நாம் அதன் வாயாலேயே அறிந்துகொள்ளும் இந்த இடம், வசன எழுத்தின் மிக உயர்ந்த நிலைகளில் ஒன்று என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அதைப் பேசியவர் மைக்கேல் அன்சாரா. ஆழமான குரல்வளம் கொண்ட அந்த நடிகரை, உணர்ச்சியை முழுவதும் வடித்துவிட்டு, ஏறக்குறைய ஓர் இயந்திரம் பேசுவதுபோலப் பேசச் சொன்னார்கள். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் ‘வெதுவெதுப்பான கை’ வரும்போது, அழுகையோடு சொல்லியிருந்தால் கிடைக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு துயரம் கிடைக்கிறது. பொதுவாக ஒரு நடிகர் வசனத்துக்கு உணர்ச்சியைச் சேர்ப்பார். இங்கே நடிகர் உணர்ச்சியை எடுத்துவிட்டதால் அது கேட்பவரிடம் வந்து சேர்கிறது. இன்னொரு தகவலையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கதையில் மனிதநேய விருது வாங்கும் ஃபெரிஸ் பாயிலுக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹேமில், அதாவது இதே தொடரில் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கராகப் பேசியவர். நயமான பேச்சும் சிரித்த முகமுமாக வரும் பாயில்தான் அங்கே உண்மையான கொடியவன் என்பதால், அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

குரல்களை இயக்கிய ஆண்ட்ரியா ரொமானோ, இயன்றபோதெல்லாம் நடிகர்களை ஒரே அறையில் ஒன்றாக அமரவைத்துப் பதிவு செய்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தம் வரிகளை மட்டும் பேசிவிட்டுப் போகும் வழக்கத்துக்கு மாறான முறை இது. குரலை முதலில் பதிந்து, அதற்கேற்பவே படம் வரைந்தார்கள் என்பதால், பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராயும் மார்க் ஹேமிலும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் காட்டிய எதிர்வினை அப்படியே கதாபாத்திரங்களின் முகத்துக்கும் உடலுக்கும் போய்ச் சேர்ந்தது. வில்லனின் வசனம் காற்றில் பேசியதாகத் தோன்றாமல், எதிரே நிற்கும் ஒருவரிடம் பேசியதாகவே ஒலிப்பதற்கு இது பெரிய காரணம்.

ஜோக்கருக்கு வருவோம். ஃப்ரீஸுக்கு வேண்டியது நோரா என்றால் ஜோக்கருக்கு வேண்டியது பேட்மேன். இதை வெளிப்படையாகச் சொல்லும் கதை ‘தி மேன் ஹூ கில்டு பேட்மேன்’. சிட் என்ற சில்லறைக் குற்றவாளி தற்செயலாகப் பேட்மேனைக் கொன்றுவிட்டதாக நகரமே நம்புகிறது. கோபமடைந்த ஜோக்கர், சிட்டைச் சவப்பெட்டியில் அடைத்து, அமிலத் தொட்டியில் இறக்குவதற்கு முன்பு இறுதிச் சடங்கு நடத்தி இரங்கல் உரையாற்றுகிறான். பேட்மேன் இல்லாமல் குற்றத்துக்கு முத்தாய்ப்பான நகைச்சுவையே இல்லை என்று அவன் சொல்வது நாடகமா, உண்மையான துக்கமா என்று பிரித்தறிய முடியாது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் ஊதுகுழலில் ‘அமேஸிங் கிரேஸ்’ வாசிக்க, சவப்பெட்டி அமிலத்துக்குள் போகிறது. ஒரு கணம் அமைதி. உடனே ஜோக்கர் முகம் மலர்ந்து, நன்றாக இருந்தது, யாருக்குச் சீன உணவு வேண்டும் என்று கேட்கிறான்.

இந்த மாற்றத்தைக் கேட்டுப் பாருங்கள். துக்கத்திலிருந்து பசிக்குத் தாவ அவனுக்கு ஒரு மூச்சளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மனிதனைக் கொன்றதாக நினைக்கும் காட்சி அது. காட்டியது ஒரு பெட்டியும் ஒரு தொட்டியும் மட்டுமே. கொடுமை முழுவதும் அந்தச் சாப்பாட்டுக் கேள்விக்குள் இருக்கிறது. தணிக்கை எழுத்தாளர்களைத் தள்ளிய திசை இதுதான், அவர்கள் அங்கே கண்டெடுத்தது தடையில்லாத தொடர்கள் பலவும் காணாத ஒன்று.

‘ஆல்மோஸ்ட் காட் இம்’ முற்றிலும் வேறு வகை. வில்லன்கள் சீட்டாட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, பேட்மேனைத் தாம் ஏறக்குறைய வீழ்த்திய கதைகளை ஒருவருக்கொருவர் பெருமையடிக்கிறார்கள். பாய்சன் ஐவி, டூ ஃபேஸ், பெங்குவின் எல்லோரும் விரிவான சதித்திட்டங்களை விவரிக்கும்போது, கில்லர் கிராக் தன் முறை வந்ததும், ஒரு பாறையை அவன்மேல் எறிந்தேன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். மேசையில் அமைதி. அது பெரிய பாறை என்று அவன் தன் பக்க நியாயத்தைச் சேர்த்துக்கொள்கிறான். ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லும் வரி இது. ஆனால் அந்த மேசையில் இருந்தவன் கிராக் இல்லை, கிராக் வேடத்தில் வந்த பேட்மேன் என்பது கடைசியில் தெரிகிறது. இந்தத் தொடரின் மிகச் சிரிக்கவைக்கும் வில்லன் வசனத்தைப் பேசியவர் கதாநாயகன்! ஒவ்வொரு வில்லனுக்கும் தனித்த பேச்சுமுறை உண்டு என்பதைப் பேட்மேன் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பதற்கும் அது சான்று.

‘ஃபீட் ஆஃப் கிளே’ இரண்டாம் பாகத்தின் முடிவையும் சொல்லாமல் விட மனமில்லை. முகம் சிதைந்த நடிகன் மாட் ஹேகன், எந்த உருவத்தையும் எடுக்கும் கிளேஃபேஸாக மாறுகிறான். ரான் பெர்ல்மன் குரல் கொடுத்திருக்கிறார். தன் பழைய பாத்திரங்கள் திரைகளில் ஓடுவதைப் பார்த்துக் கட்டுப்பாடு இழந்து, உருவம் மாறி மாறி விழுந்து கிடக்கும்போது, இப்படியொரு சாவுக் காட்சிக்கு ஒரு காலத்தில் எதையும் கொடுத்திருப்பேன், விமர்சனங்களைப் படிக்க முடியாமல் போகிறதே என்கிறான். அவன் சாகவில்லை, அதுவும் நடிப்புதான் என்பது பிறகு தெரிகிறது. ஆனாலும் அந்த வரி பொய்யாகிவிடுவதில்லை.

தொடர் முழுவதும் இந்தத் தரத்தில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ‘தி அண்டர்டுவெல்லர்ஸ்’ கதையில் சாக்கடைக்கடியில் குழந்தைகளை அடக்கி ஆளும் வில்லன் நிறையப் பேசுகிறான், எதுவும் நிற்கவில்லை. ‘ஐ’வ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்’ கதையில் பெங்குவின் அலங்காரச் சொற்களை அடுக்குகிறான். பால் வில்லியம்ஸின் குரல் இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஏக்கமோ பயமோ இல்லாததால் அவை ஓசையாகவே கடந்துபோகின்றன. சொல்வளத்தைவிட அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய தேவையே முக்கியம் என்பதை இந்த இரண்டு கதைகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகின்றன.

எல்லாவற்றிலும் நான் மிகவும் மதிக்கும் வசனத்தைப் பேசுபவன் வில்லனே இல்லை. ஹார்லி க்வின் முதன்முதலில் தோன்றிய ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ கதையில், சார்லி காலின்ஸ் என்ற சாதாரணக் கணக்காளன்போன்ற ஒருவன் நெடுஞ்சாலையில் தன்னை முந்திய காரைப் பார்த்துத் திட்டிவிடுகிறான். காரை ஓட்டியவன் ஜோக்கர். உயிர்ப்பிச்சை கேட்கும் சார்லியிடம், பிறகொரு நாள் ஓர் உதவி கேட்பேன் என்று சொல்லி விட்டுவிடுகிறான். பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்த சார்லியை இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் அழைக்கிறான். ஜோக்கர் அதில் மிரட்டுவதே இல்லை; பழைய நண்பனைப்போல நலம் விசாரிக்கிறான், குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறான். அந்தக் கனிவுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியில் ஒரு சந்தில், ஜோக்கரின் வெடிகுண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சார்லி எதிரே நிற்கிறான். பெரிய சதித்திட்டம் இல்லை, பேட்மேனோடு மகத்தான இறுதிப் போர் இல்லை, ஒரு சந்தில் யாரென்றே தெரியாத ஒருவனோடு ஜோக்கர் சிதறிக் கிடந்தான் என்றுதான் நாளைய செய்தித்தாள்கள் எழுதும் என்கிறான். ஒரு மனிதனின் கனவை என்னாலும் அழிக்க முடியும், உனக்கு இருக்கும் ஒரே கனவு அதுதானே என்று அவன் கேட்கும்போது, ஜோக்கருக்கு வேண்டியது எது என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பது நமக்குப் புரிகிறது. ஜோக்கர் அலறிப் பேட்மேனைக் கூப்பிடுகிறான். காப்பாற்று என்று வில்லன் கதாநாயகனைக் கெஞ்சும் அந்தக் குரலில் ஹேமில் சிரிப்பின் சாயலைக்கூட விட்டுவைக்கவில்லை.

இதுவரை தொடரைப் பார்க்காதவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. கதைகள் பெரும்பாலும் தனித்தனியானவை. ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’, அடுத்து ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’, அதன் பிறகு ‘தி மேன் ஹூ கில்டு பேட்மேன்’ என்று பாருங்கள். ‘ஆல்மோஸ்ட் காட் இம்’ கதையை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள்; அந்த மேசையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பேசுவார்கள் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பாறை முழு எடையோடு விழும்.