ரைட்டரின் செக்ரோல்

2024 நவம்பர் 5, செவ்வாய்

சேலத்திலிருந்து ஏற்காடு திரும்ப மணி மூன்றாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அப்பா வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் என் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிராஸ்டேட்டில் வந்த புற்று இடுப்பெலும்புக்கும் முதுகுக்கும் பரவி எட்டு மாதமாகிறது.

இன்று பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டே, "இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்து துண்டுச்சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கே வந்து வலியையும் தொந்தரவையும் குறைத்துப் பார்க்கிற பேலியேட்டிவ் குழுவாம். அந்தச் சீட்டு இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.

நவம்பர் 9, சனி

கூப்பிடாததற்குக் காரணம் எங்கள் டாக்டர். ஏற்காடு டவுனில் அவர் கிளினிக் போட்ட நாள் முதல் அப்பாவுக்கு அவர்தான். சுகர், பிபி, என் பிள்ளைகளின் சளி எல்லாம் அவர் கணக்கு. புது ஆட்களை வரச்சொன்னால் அவரைக் கைவிட்டதுபோல் ஆகிவிடுமே என்று மனசு உறுத்தியது. அவர் கோபித்துக்கொண்டால் நள்ளிரவில் மலைமேல் யாரைக் கூப்பிடுவது என்ற சுயநலமும் இருந்தது, மறைப்பானேன்.

இன்று போய்ச் சொன்னேன். சிரித்தார். "அவங்க வரட்டும், நானும் இருப்பேன். மார்ஃபின் எழுதி எனக்குப் பழக்கமில்ல, அவங்களுக்கு அது தெனமும் பண்ற வேலை. சுகரும் பிரஷரும் நான் பாக்கறேன்" என்றவர், குழுவுக்கென்று ஒரு பக்கம் கடிதமும் எழுதிக் கொடுத்தார். டிரமடால் போட்டால் வாந்தி வரும், சல்ஃபா ஒத்துக்காது என்றெல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு வரி: "இவர் 'பரவால்லீங்க' என்றால் வலி பத்துக்கு எட்டு என்று எடுத்துக்கொள்ளவும்."

எந்த ஸ்கேனிலும் இது இல்லை. எட்டு மாத ஃபைலில் எனக்கு உருப்படியாகப் பட்டது இந்த ஒரு வரிதான்.

நவம்பர் 12, செவ்வாய்

குழு வந்தது. ஒரு டாக்டரம்மா, ஒரு சிஸ்டர், வண்டி ஓட்டி வந்த தம்பி. இரண்டு மணி நேரம் இருந்தார்கள். ஃபைலைத் தொடவே இல்லை, டாக்டரம்மா கட்டிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, "என்னங்கய்யா, எது ரொம்பத் தொந்தரவு?" என்று கேட்டார். அப்பா வழக்கம்போல், "பரவால்லீங்க." டாக்டரம்மா கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, எட்டுன்னு எழுதிக்கறேன்" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் சிஸ்டர் ஒரு முறம் கேட்டார். வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் அத்தனையையும் அதில் கொட்டிப் பரப்பினார். அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினோம். பதினான்கு வகை. வாயு மாத்திரை ஒன்றே இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு ஆஸ்பத்திரி எழுதியது. இரண்டையும் நான் தினம் கொடுத்திருக்கிறேன். கொழுப்புக்கு ஒன்று. வலிக்கு டைக்ளோஃபினாக், இது எங்கள் டாக்டர் எழுதியது. டாக்டரம்மா அதைத் தனியாக எடுத்து வைத்து, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடினார். கிரியாட்டினின் 1.7, சிறுநீரகம் சுமார் என்று அர்த்தமாம். அந்த மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

எனக்குப் பக்கென்றது. ஒரு டாக்டர் எழுதியதை இன்னொருவர் 'யார் இதைக் கொடுத்தது' என்று நோயாளி வீட்டிலேயே கிழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவர் பேனாவை எடுக்கவில்லை, போனை எடுத்தார். "சார், நாகலூர் ரைட்டரய்யா வீட்டுல இருக்கேன். கிரியாட்டினின் இப்படி இருக்கு, டைக்ளோவை நிறுத்திட்டு மார்ஃபின் சின்ன டோஸ்ல ஆரம்பிக்கலாமான்னு..." ஐந்து நிமிடம். பிறகு சேலத்துக் கேன்சர் டாக்டருக்கு. அவர் எடுக்கவில்லை, டாக்டரம்மா வாட்ஸப்பில் ஒரு பத்தி எழுதி அனுப்பினார்.

இத்தனை மாதம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான்தான். ஃபைலைச் சுமந்துகொண்டு போய் "அவர் இப்படிச் சொன்னார் சார்" என்று பாதி புரிந்ததைப் பாதி மறந்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் டாக்டரும் டாக்டரும் பேசி என் காதால் கேட்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

மார்ஃபின் வந்தது. பத்து மில்லிகிராம் மாத்திரை. சிறுநீரகம் சுமார் என்பதால் பாதிப் பாதியாக, ஆறு மணிக்கொரு தரம். கூடவே ராத்திரி மலச்சிக்கலுக்கு ஒன்று. "இதை மறந்தா அதை மறந்தமாதிரி" என்றார் சிஸ்டர்.

மார்ஃபின் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் ஆஸ்பத்திரிகளே பல லைசென்ஸ் வாங்கினால்தான் வைத்திருக்க முடியும் என்றிருந்ததாம். 2014இல் சட்டத்தைத் திருத்தியபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு, மீதியைத் திருப்பித் தரவேண்டும்.

'கணக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுகிறவர். முப்பத்தெட்டு வருஷம் செக்ரோல் என்கிற அந்தக் கணக்குப் பதிவேட்டை எழுதிய கை அது. பரணிலிருந்து ஒரு பழைய நீள நோட்டை எடுக்கச் சொன்னார். ஆள் பெயர் வரும் இடத்தில் மாத்திரைப் பெயர், தேதிக் கட்டத்தில் வேளை. கொடுத்தால் ஒரு கோடு, பாதியென்றால் அரைக்கோடு. யார் எழுதிய மருந்து என்பதற்கும் ஒரு பத்தி: 'மலை', 'கேன்சர்', 'குழு'. சிஸ்டர் கொண்டுவந்த அச்சடித்த அட்டையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எடம் பத்தாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னிடம் தனியாகக் கேட்டது: "ஒரேடியாத் தூங்க வைக்கிற மருந்தா பாப்பா?" இல்லைப்பா, சிஸ்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல. "கேட்டேன். நீ சொல்லு."

நவம்பர் 15, வெள்ளி

ராத்திரி பத்திலிருந்து நாலரை வரை தூங்கினார். நானும்.

நவம்பர் 21, வியாழன்

வாட்ஸப் பத்திக்குப் பலன். முதுகெலும்பில் வலிக்கிற இடத்துக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தால் மாத்திரை பாதி வேலை செய்தால் போதும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். கேன்சர் டாக்டர் சரி என்றிருக்கிறார். ஒரே வேளை, எட்டு கிரே அளவு. 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிய ஊருக்கே ஒரு வேலையாகத் திரும்பப் போனோம். கேட்கத் தெரிந்தவர் கேட்டால் செய்ய ஏதோ இருக்கிறது! கோபம்தான் எனக்கு, எழுதிவிட்டேன்.

கார் பின்சீட்டில் நான்கு தலையணை. கிளம்ப அரை மணிக்கு முன் கூடுதலாக அரை மாத்திரை. அடிவாரத்தில் இறங்கி டீ கேட்டார், தட்டுவடை செட்டும் கேட்டார். ஒன்றைக் கடித்து வைத்துவிட்டார். கேட்டாரே, அது போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

நியூ ஜெர்சியிலிருந்து தம்பி வீடியோவில். "ஹாஸ்பிஸ்ல சேத்துட்டியாக்கா?" என்று ஒரே அழுகை. அவன் ஊர்க் கதை வேறு. அங்கே முதியோருக்கான மெடிகேர் அரசுக் காப்பீட்டில் 1983 முதல் ஹாஸ்பிஸ் என்கிற கடைசிக்காலப் பராமரிப்பு உண்டு. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் என்று நோயாளியின் சொந்த டாக்டரும் ஹாஸ்பிஸ் டாக்டரும் கையெழுத்துப் போடவேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை விட்டுவிட வேண்டும். அவன் மாமனாருக்கு அப்படித்தான் பார்த்தார்களாம். ஒன்று நல்லது: தன் டாக்டர் யார் என்று நோயாளியே பெயர் எழுதிக் கொடுக்கலாம், அவரும் தொடர்வார். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது குழு உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தியே ஆகவேண்டும்.

இங்கே அந்த ஆறு மாதக் கையெழுத்து எதுவும் இல்லடா, கதிர்வீச்சுக்குப் போய்விட்டு வந்து தட்டுவடை தின்றார் என்றேன். நம்பவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். நியூ ஜெர்சியில் மழையா என்று கேட்டார்.

டிசம்பர் 2, திங்கள்

மின்சாரம் இல்லை. சார்ஜ் 31 சதவீதம். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அதன் மழை நேற்றிலிருந்து இங்கே. ஊத்தங்கரையில் ஐம்பது சென்டிமீட்டராம். மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து வண்டி போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். குழு வரமுடியாது. மார்ஃபின் ஒன்பது நாளைக்கு இருக்கிறது, செக்ரோல் சொல்கிறது.

காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது, கை நடுக்கம், என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மார்ஃபின்தான் அதிகமாகிவிட்டதென்று பதறி, வெள்ளியோக்கு மரத்தடியில்தான் சிக்னல் என்பதால் குடையோடு ஓடிக் குழுவைக் கூப்பிட்டேன். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "சுகர் பாத்தீங்களா?" 58. விழுங்க முடிகிறதா என்று கேட்டு, வெல்லம் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். கால் மணியில் 91.

எங்கள் டாக்டர் ஒண்டிக்கடையிலிருந்து பைக்கில் கிளம்பி, மரம் விழுந்த இடத்தில் அதை விட்டுவிட்டு மீதியை நடந்து வந்தார். கால்சட்டை முழங்கால் வரை சேறு. மரத்தடியில் நின்று ஸ்பீக்கர் போட்டோம். டாக்டரம்மா: "சார், சுகர் மாத்திரை உங்களுது. அய்யா சாப்பாடு கால்வாசியாயிடுச்சு, கிட்னியும் சரியில்ல, மருந்து உடம்புலயே தங்குது. நிறுத்தலாம்னு நெனைக்கறேன், நீங்க சொல்லுங்க." இவர் மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் போன வாரமே நிறுத்தியிருக்கணும்மா. நிறுத்திடறேன். இனி இருநூறு, இருநூத்தம்பது இருந்தாலும் விட்டுடலாம்."

உள்ளே வந்து செக்ரோலில் கிளிமிபிரைடு என்ற அந்தச் சுகர் மாத்திரை வரியைத் தானே அடித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அப்பா கண்ணாடி போட்டு அதைச் சரிபார்த்தார்.

டிசம்பர் 19, வியாழன்

கதிர்வீச்சு நன்றாகவே பிடித்திருக்கிறது. சுவரைப் பிடித்து வாசல் வரை நடந்தார். காப்பிப் பழம் எடுக்கிற சீசன், களத்திலிருந்து புளிச்ச வாசனை. இன்றைக்கு எத்தனை ஆள் என்று ரோட்டில் போனவர்களை விசாரித்தார்.

ஒரு சிக்கல். பிபி மாத்திரையைக் குழுவும் எங்கள் டாக்டருமாகப் பேசி பாதியாக்கிவிட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய கணக்குப்படியே கொண்டுவந்து தந்தார். 2021இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து மாதாமாதம் வருகிறவர், அவரைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம். சிஸ்டர் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதித் தந்தார். செக்ரோலில் நாலாவது பெயர் ஏறியது: 'அக்கா'.

2025 ஜனவரி 5, ஞாயிறு

மூச்சு முட்டினால் ஐசியுவா, வீடா? டாக்டரம்மா அப்பாவிடமே கேட்டார். வீடு என்றார். குழாய் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023இல் எளிதாக்கியது இது: முன்கூட்டியே எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடலாம். "ஸ்டாம்பு பேப்பர் எத்தன ரூபாய்க்கு?" என்றார் அப்பா. குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கு ஒரு நகல் தரவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. வாங்கிக்கொண்ட எங்கள் டாக்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தம்பியிடம் பேசியதும் அவர்தான். நான் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இரண்டு கரண்டி. எழுந்திருக்கவில்லை. செக்ரோலை இனி நான் எழுதுகிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அப்பா போய்விட்டார். வீட்டில்தான். சிஸ்டர் போனில் கூடவே இருந்தார். எங்கள் டாக்டர் பன்னிரண்டேகாலுக்கு வந்து பார்த்தார். வீட்டில் இறந்தால் கடைசி நோயில் பார்த்த டாக்டர் காரணம் எழுதித் தரும் படிவம் 4ஏ. காலையில் எழுதினார். இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். 'ரைட்டரே' என்று ஒருமுறை கட்டிலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

சிஸ்டர் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மீதி மார்ஃபினை முறத்தில் கொட்டி எண்ணினோம். பதினொன்றரை. செக்ரோலில் பதினொன்று. மறுபடி எண்ணினோம், பதினொன்றரையேதான். எனக்கு முகம் சுட்டது, அப்பா கணக்கில் அரை தப்பு வந்ததே இல்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். 26ஆம் தேதி ராத்திரி. வாயருகே கொண்டுபோனேன், தலையை ஆட்டி வேண்டாமென்றார்; டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டுக் கொடுத்ததாகக் கோடு இழுத்திருக்கிறேன்.

சிஸ்டர் அந்தக் கோட்டைச் சுழித்து, பக்கத்தில் 'வேண்டாம் என்றார்' என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.