கல்லூரிப் புல்வெளியில் உரத்தைக் குறைத்த அனுபவம்

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கல்லூரி. தோட்டப் பொறுப்பு என்னிடம் வந்தபோது கணக்கு நோட்டைப் புரட்டினேன். வருஷா வருஷம் ஒரே வரி: யூரியா 20 மூட்டை, டி.ஏ.பி. (தழைச்சத்தோடு மணிச்சத்தும் உள்ள உரம்) 8 மூட்டை. மண்ணைப் பார்த்து யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில், முந்தின நாள் தூவிய யூரியாவை மழை வடிகாலுக்கு அடித்துக்கொண்டு போனது. வடிகால் சேருமிடம் கீழ்ப்புறக் குட்டை. சில நாளில் குட்டை முழுக்கப் பச்சைப் பாசி. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). புல் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கும் இறங்கும், மண்ணால் அதைப் பிடித்துவைக்க முடியாது. கிணற்று நீரைச் சோதித்தோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, எங்களுடையதில் 60ஐத் தாண்டியிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடுதிப் பிள்ளைகள் குடித்தது அந்தத் தண்ணீர்தான். மறுநாளே குடிக்க வேறு தண்ணீர் ஏற்பாடு செய்தோம்.

அடுத்தது மண் பரிசோதனை. மரநிழலையும் எருக்குழிப் பக்கத்தையும் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை இதையே செய்ய வேண்டும். முடிவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'அதிகம்' என்று வந்தது. அதாவது, அத்தனை வருஷம் போட்ட டி.ஏ.பி.யின் மணிச்சத்து மண்ணுக்குத் தேவையே இல்லை. அதை அடியோடு நிறுத்தினோம்.

யூரியாவைக் குறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. “மேடம், உரம் வைக்கலைனா புல்லு வெளுத்துடும். ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க” என்றார் தோட்டக்கார அண்ணன். அவர் பயம் நியாயமானது. பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் ஒரு நகல் கொடுத்தேன். அதற்கப்புறம் அவரே யோசனை சொல்ல ஆரம்பித்தார். வெட்டிய புல்லை எரிக்காமல் அங்கேயே விட்டோம். சருகும் சாணமும் சேர்த்து எரு போட்டோம். அடைமழைக் காலத்தில் யூரியா பையையே பிரிப்பதில்லை. குட்டையை ஒட்டிப் புல்லை வெட்டாமல் வளரவிட்டோம்.

முதல் கோடையில் புல் வெளுக்கத்தான் செய்தது, புகாரும் வந்தது. இப்போது வருஷத்துக்கு 6 மூட்டை போதுமானதாக இருக்கிறது. குட்டையில் பாசி குறைந்திருக்கிறது. கிணறு மட்டும் இன்னும் 45க்குக் கீழே இறங்கவில்லை. தை பிறந்ததும் மறுபடி தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் இப்போதே பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.