ஸ்டென்ட் வெச்சதுக்கப்புறம் அப்பாவுக்கு வந்த ஃபிஸ்டுலா

வீட்டுல யாருக்காவது ஸ்டென்ட் வெச்சு, அப்புறம் ரிப்போர்ட்ல கரோனரி ஃபிஸ்டுலான்னு, அதாவது இதய ரத்தக்குழாய்ல இருந்து ரத்தம் வேற இடத்துக்குப் போற தப்பான வழின்னு, போட்டிருந்து பயந்துட்டு இருந்தீங்கன்னா உங்களுக்காகத்தான் எழுதுறேன், நாங்க தேடுனப்ப தமிழ்ல ஒண்ணுமே சிக்கல.

அப்பாவுக்கு இதயத்தோட முன்பக்கம் இறங்குற பெரிய ரத்தக்குழாய், எல்ஏடின்னு சொல்வாங்க, அது ரொம்ப நாளாவே முழுசா அடைச்சுக் கிடந்துச்சு. இந்த மாதிரி பழைய அடைப்ப சிடிஓங்கிறாங்க. மத்த அடைப்புல ஸ்டென்டுக்கு வழிகாட்டுற மெல்லிசான வயர் பெரும்பாலும் நழுவிப் போயிடும், இதுல கால்சியம் படிஞ்சு இறுகி இருக்கிறதால முனை கெட்டியான வயர வெச்சு துளைச்சுத்தான் போகணும். அப்படிப் போறப்ப வயர் ஒரு சின்ன கிளைக்குள்ள நுழைஞ்சு சுவரத் தாண்டிடுச்சு. ஓட்டை இதயத்தச் சுத்தி இருக்கிற பைக்குள்ள திறந்திருந்தா ரத்தம் அங்க தேங்கி இதயத்தையே அமுக்கிடும், உயிருக்கே ஆபத்து. அப்பாவுக்கு அது நடுச்சுவருக்குள்ள ஓடுற செப்டல் கிளை, அதனால வலது கீழறைக்குள்ள திறந்துடுச்சு. பிபி இறங்கல, எக்கோல நீர் சேரல, ஸ்டென்ட வெச்சு முடிச்சுட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில இதப்பத்தி ஒரே ஒரு வரிதான்.

கொஞ்ச நாள் நல்லா இருந்தார். அப்புறம் மாடி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு இறுக்குதுன்னார். காட்டப்போன இடத்துல வயசாகுதுல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அத நெனச்சா இன்னிக்கும் ஆத்திரமா வருது. ஏன்னா அடுத்து பாத்த டாக்டர் செஞ்சது ஒண்ணுதான், ஸ்டெதஸ்கோப்ப நெஞ்செலும்புக்கு இடது ஓரமா வெச்சு, "அய்யா, மூச்ச கொஞ்சம் பிடிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் கேட்டார். லப் டப்புக்கு நடுவுலயும் விடாம ஒரு இரைச்சல் ஓடுதுன்னு சொல்லி, பழைய ஆஞ்சியோ படம் பதிஞ்ச சிடி டிஸ்க் இருக்கான்னு கேட்டார்.

சிடிய எங்க முன்னாடியே போட்டுக் காட்டினார். டை குழாய் முழுக்கக் கறுப்பா இறங்குது, நடுவுல ஒரு இடத்துல மட்டும் ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசா பிரிஞ்சு அறைக்குள்ள கலையுது. கீழறையில அழுத்தம் கம்மிங்கிறதால ரத்தம் தசைக்குப் போகாம சுலபமான அந்த வழியில ஓடிடுது, நடக்கிறப்ப நெஞ்சு இறுக்குறதுக்கு அதான் காரணமா இருக்கும்னார். சின்ன ஃபிஸ்டுலா நிறைய தானாவே மூடிக்குமாம், அதனால கொஞ்ச நாள் எக்கோ பாத்துக்கிட்டே காத்திருந்தோம். மூடல. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல்ல நிறுத்தலாமான்னு அம்மா கேட்டாங்க, புது ஸ்டென்ட் அடைச்சுக்கும், அதத் தொடவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

கடைசியில காயில் வெச்சாங்க. ஓட்டை மெயின் குழாயிலயே இருந்தா மேல உறை போட்ட கவர்டு ஸ்டென்ட் வெப்பாங்களாம், கிளையிலங்கிறதால ரொம்ப மெல்லிசான கத்தீட்டர உள்ள அனுப்பி அந்தக் கிளையையே சின்ன உலோகச் சுருளால அடைச்சுட்டாங்க. அந்தக் கிளைய நம்பியிருந்த கொஞ்சூண்டு தசைக்கு ரத்தம் போகாது, வலி வரலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதே மாதிரி அன்னிக்கு ராத்திரி வலி வந்துச்சு, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கூடுற ட்ரோபோனினும் ஏறுச்சு, அப்புறம் இறங்கிடுச்சு. முன்னாடியே சொல்லியிருந்ததாலதான் அம்மா அந்த ராத்திரி தாங்கினாங்க.

இப்ப இரைச்சல் இல்ல, அப்பா மாடி ஏறுறார். ரெண்டு ப்ரொசீஜர் சிடியும் பீரோவுல இருக்கு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஃபைலோட அதையும் எடுத்துட்டுப் போறோம்.