இனம் என்ற கட்டம்

“இந்தியர்னு எழுதுங்க தம்பி.” பாரத்தில் இனம் கேட்ட இடத்தில் அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “பொறந்தது சீன வீட்டுல. கைக்குழந்தையிலயே எங்கம்மா எடுத்து வளர்த்தாங்க. வளர்ந்ததெல்லாம் தோட்டத்துலதான்.”

மலேசியாவில் எந்த இனத்தவர் வயிற்றில் எந்த வகைக் கிருமி இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. தாத்தா பாட்டி வரை ஒரே இனமாக இருப்பவர்களை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. அவரைச் சேர்க்கவில்லை. வயிற்றிலிருந்து எடுத்த திசுத் துணுக்கு, கிருமி இருக்கிறதா என்று காட்டும் யூரியேஸ் சோதனைக்கு மட்டும் போனது. மஞ்சள் ஜெல் சிவக்க அதிக நேரம் ஆகவில்லை. கிருமி இருந்தது. அதை வளர்த்து மரபணு பார்க்கவில்லை.

விதியில் நியாயம் உண்டு. அந்த வயிற்றுக் கிருமியான ஹெலிகோபேக்டர் பைலோரியின் ஏழு மரபணுக்களை வரிசைப்படுத்தினால், மலேசியச் சீனர்களின் கிருமி பெரும்பாலும் கிழக்காசிய வகையிலும் இந்தியர்களுடையது தெற்காசிய வகையிலும் போய் நிற்கும். கலப்பான ஆட்களைச் சேர்த்தால் இந்தப் படம் கலங்கிவிடும். “ஒரு ஆளை வெச்சு என்ன சொல்ல முடியும்?” என்றார் என் மேலாளர். உண்மைதான்.

ஆனால் இந்தக் கிருமி ரத்தத்தில் வருவதில்லை. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே, அதிகமும் தாயிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. மலாய்க்காரர்களிடம் கிடைத்த கிருமிகளில் பெரும்பாலானவை இந்தியர்களுடையதோடு ஒத்துப்போகின்றன. இது மலாய்க்காரர்களிடம் பிற்காலத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இனம் விட்டு இனம் தாவும் என்று நாமே எழுதிவிட்டு, தாவியிருக்கக்கூடிய ஆளை வாசலிலேயே நிறுத்துகிறோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த நாட்டில் கிருமித் தொற்று இந்தியர்களிடம் அதிகம். வயிற்றுப் புற்றுநோயோ சீனர்களிடம் அதிகம். காரணம் கிருமியா, உடம்பா, சாப்பாடா? கிருமி நம் செல்களுக்குள் செலுத்தும் காக்-ஏ என்ற புரதம், கிழக்காசிய வகையில், அங்கே உள்ள நம் புரதம் ஒன்றோடு இன்னும் வலுவாக ஒட்டும் என்பது தெரியும். அது மட்டுமே போதுமா? சீன உடம்பும் தமிழ் வீட்டுக் கிருமியும் ஒரே ஆளிடம் இருந்தால், அங்கேதான் இந்த முடிச்சைக் கொஞ்சமாவது தளர்த்திப் பார்க்கலாம். தமிழர் வளர்த்த சீனப் பெண்பிள்ளைகள் இங்கே அபூர்வமும் இல்லை. தேடினால் பலர் கிடைப்பார்கள்.

சரி, அவருக்குக் கிருமி கணவரிடமிருந்து வந்திருக்கலாமே என்றும் தோன்றும். பெரியவர்களுக்குள் அது குறைவு, ஆனாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது என்னிடம் கேட்டாலும் அந்த ஆய்வில் அவரைச் சேர்த்திருக்க மாட்டேன்.

கிளம்பும்போது கேட்டார்: “நம்ம ஆளுங்களுக்கு இதனால கேன்சர் அவ்வளவா வராதாமே, அப்படியா?”

“மருந்தை விடாம சாப்பிடுங்கம்மா, கிருமி போயிடும்” என்றேன். மருத்துவமாகப் பார்த்தால் சரியான பதில். அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. அடுத்த ஆய்வுக்கான பாரத்தில் ‘யார் வீட்டில் வளர்ந்தீர்கள்?’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வரும் பதில்களை எப்படிப் பிரிப்பது என்று மேலாளர் கேட்கிறார். அது எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.