சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள்

அயர்லாந்தின் கார்க் நகரில் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவை நோயாளிகளின் கைவிரல்கள். வயதான ஆண்களில் பலருக்குச் சுண்டுவிரலோ மோதிரவிரலோ கோணியிருக்கும். முறிந்த எலும்பு சரியாகக் கூடாமல் கணு புடைத்து நிற்கும். எப்படி ஆயிற்று என்று கேட்டால், "ஹர்லிங்" என்பார்கள். எந்த கிளப் என்பது கேட்காமலே வந்துவிடும்.

ஹர்லிங் அயர்லாந்துக்கே உரிய மட்டைப்பந்து ஆட்டம். அணிக்குப் 15 பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை, ஸ்லிட்டர் எனும் சிறிய தோல் பந்து. உயரத்திலிருந்து இறங்கும் பந்தை வெறுங்கையால் எட்டிப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் எதிராளியின் மட்டையும் அந்தப் பந்தை நோக்கித்தான் வரும். 2010 முதல் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். விரல்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

என்னிடம் வருபவர்களில் க்ளென் ரோவர்ஸ்காரர்கள் அதிகம். 'தி க்ளென்' என்றுதான் சொல்வார்கள். நகரின் வடபுறம் பிளாக்பூலில் 1916இல் தொடங்கிய கிளப். தோல் பதனிடும் ஆலைகளும் மது வடிசாலைகளும் இருந்த தொழிலாளர் பேட்டை அது. 1934 முதல் 1941 வரை தொடர்ந்து எட்டு முறை கார்க் மாவட்டக் கோப்பையை வென்றார்கள். இதை எனக்குச் சொன்ன பெரியவர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார். ஆனாலும் "ஜெயித்தோம்" என்றார்.

அந்த அணியில் ஆடிய ஜாக் லிஞ்ச், 1941 முதல் 1946 வரை ஆண்டுக்கொன்றாக ஆறு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வாங்கினார். ஐந்து ஹர்லிங்கில், ஒன்று அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் கால்பந்தில். பின்னாளில் நாட்டின் பிரதமரானார். கிழக்கு கார்க்கின் க்ளாய்ன் ஊர்க்காரரான கிறிஸ்டி ரிங் 1941இல் க்ளெனுக்கு வந்தார். கார்க் மாவட்ட அணிக்காக எட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள், கிளப்புக்காக 14 மாவட்டப் பதக்கங்கள். ஆனால் அவர் பிழைப்புக்கு ஓட்டியது எண்ணெய் லாரி. 1979இல் ரிங் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியவர் அன்றைய பிரதமர் லிஞ்ச். இன்று லீ ஆற்றின் மேலே ஒரு பாலத்துக்கு ரிங்கின் பெயர், ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதைக்கு லிஞ்சின் பெயர்.

ஹர்லிங்கை நடத்துவது 1884இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம். அது ஆட்டக்காரர்களுக்கு இன்றும் சம்பளம் தருவதில்லை. டப்ளினின் க்ரோக் பார்க்கில் 80,000 பேருக்கு மேல் பார்க்க ஆடியவரும் திங்கட்கிழமை பள்ளியில் பாடம் நடத்துவார், பண்ணையில் பால் கறப்பார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. என் மேசைக்கு வரும்போது கணக்கு வேறு. உள்ளங்கை எலும்பு உடைந்த இளம் எலக்ட்ரீஷியன் ஒருவன் வந்தான். வாரக்கணக்கில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாது. சங்கத்தில் காயநிதி உண்டென்றாலும் அது முழுச் சம்பளத்துக்கு ஈடாகாது. முதலாளிக்குக் கடிதம் எழுத நான் விவரம் கேட்டுக்கொண்டிருக்க, அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "காலிறுதிக்குள் மட்டை பிடிக்கலாமா?" லாபத்தில் பங்கில்லாதவன் நஷ்டத்தை மட்டும் தனியாகச் சுமப்பது எனக்கு இன்னமும் நியாயமாகப் படவில்லை. அவனிடம் அதைச் சொன்னபோது சிரித்தான். அவன் அப்பாவும் க்ளென், தாத்தாவும் க்ளென். 1989க்குப் பிறகு 2015 வரை மாவட்டக் கோப்பையே வராத காலத்திலும் அவர்கள் வேறு கிளப் தேடவில்லை.

பிடிமானப் பயிற்சிக்கு ரப்பர் பந்தைக் கொடுத்தால் அலுத்துக்கொள்வார்கள். ஸ்லிட்டரைக் கொடுத்தால் அரை மணி நேரம் விடாமல் பிசைவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை க்ளென்காரர் ஒருவருக்கும் போட்டி கிளப்பான செயின்ட் ஃபின்பார்ஸ்காரர் ஒருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி அமைந்துவிட்டது. பழைய ஆட்டம் ஒன்றில் நடுவர் தவறுக்குக் கொடுத்த ஃப்ரீ அடி சரியா தவறா என்று தொடங்கினார்கள். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு பயிற்சி செய்தார்கள். இப்போதெல்லாம் அவர்களுக்கு வேண்டுமென்றே ஒரே நேரம் கொடுக்கிறேன்.