பதினோராவது பெயர்

"மூணு மார்க்குதான சார் கம்மி?"

அவள் கேட்டது இவ்வளவுதான். "மூணு மார்க்குன்னாலும் வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றேன். "சரி சார்" என்று வகுப்புக்குப் போய்விட்டாள். கொஞ்சம் மல்லுக்கட்டியிருந்தால் பெயரைச் சேர்த்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பழியை அவள் தலையில் கட்ட இதுவும் ஒரு வழி.

பட்டியல், சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு. ஜேஇஇ வேண்டாம். பிளஸ் ஒன் முடித்திருந்தாலே தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். நாலு வாரம் வீடியோ பாடம், வாராவாரம் அசைன்மென்ட், அப்புறம் நேரில் போய் ஒரு தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்து, டிகிரிக்குக் கணக்காகும் கிரெடிட் சேர்த்துவிடுகிறார்கள். சென்னை ஐஐடி படிப்பில் அப்படி இல்லை, சேர்ந்த பிறகுதான் கிரெடிட் கணக்கு ஓடும். ஆனாலும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை யூனிஃபார்மோடு உட்கார்ந்து கல்லூரிப் பாடம் கேட்பது சின்ன விஷயமா?

விண்ணப்பக் கட்டணத்தைப் பழைய மாணவர்கள் சிலர் பத்துப் பேருக்கு ஏற்றுக்கொண்டார்கள். காலாண்டு மார்க்கை எடுத்து மேலிருந்து பத்துப் பேரை எழுதினேன். யாரும் குறை சொல்ல முடியாத பட்டியல். அதற்காகத்தான் மார்க்கைப் பிடித்துக்கொண்டேனோ என்னவோ.

காரணம் இல்லாமலும் இல்லை. பாடம் இங்கிலீஷில் நடக்கும். அவள் தமிழ் மீடியம். பப்ளிக் எக்ஸாம் வேறு நெருங்குகிறது. அதற்கு முந்தின வருடம் ஒரு பையன் இப்படித்தான் ஏதோ ஆன்லைன் கோர்ஸ் என்று போய் கெமிஸ்ட்ரியில் கோட்டைவிட்டான், மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொன்னது நான். (அவன் அதற்கு முன்னாலும் கெமிஸ்ட்ரியில் தேறியதில்லை என்பது வேறு விஷயம்.)

இரண்டாம் வாரத்திலேயே பத்தில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தன் நீட் கோச்சிங், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். அவர்கள் இடத்தில் வேறு பெயர் போடலாம் என்றால் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் லேபில் பட்டியலில் இருந்த பிள்ளைகள் வீடியோ பார்க்கும்போது, அவள் ஒரு தோழியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அதை அப்போது சலுகை என்று நினைத்தேன்.

ஒருநாள் ரஃப் நோட்டுகளைத் திருத்தும்போது அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு திட்ட விலக்கக் கணக்கு, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்ப்பது. ஐந்து எண்கள். நம் பத்தாம் வகுப்புப் புத்தகப்படி ஐந்தால் வகுப்போம். அவள் ஐந்தை அடித்துவிட்டு நாலு போட்டிருந்தாள். மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்த வீடியோவில் ஒன்று குறைத்துத்தான் வகுப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஏன் ஒண்ணு குறையணும்?' என்று எழுதியிருந்தது. பட்டியலில் இருந்த பத்துப் பேரில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை. டிக் போட்டு நோட்டைக் கொடுத்தேன். பதில் சொல்லியிருக்கலாம். பெல் அடித்துவிட்டது என்பது உண்மைதான், ஆனால் மறுநாளும் எனக்கு அந்த வகுப்பு இருந்தது.

மீதி ஆறு பேரில் இரண்டு பேர் தேறினார்கள். அப்படியானால் முறை சரியாகத்தானே வேலை செய்தது? அவளும் தேறியிருப்பாள் என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு கேள்விக்குறியை வைத்தா?

அவள் இப்போது மதுரையில் பி.காம். படிக்கிறாள். போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நல்லாருக்கீங்களா சார்?" என்று அவளாகவே வந்து கேட்டாள். நாலைந்து நிமிடம் நின்று பேசினோம், அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இந்த வருடப் பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும். காலாண்டு மார்க்கை வைத்துத்தான் போட்டிருக்கிறேன். பத்தாவது பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். அதற்கு அடுத்து யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.